எண்ணெய் விலையும் எரிந்த பேட்டரியும்

1986ஆம் ஆண்டு. ஜப்பானில் ஒரு வெடிபொருள் சோதனைத் திடல். அசாஹி கசெய் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர் அகிரா யோஷினோ, தான் உருவாக்கிய பேட்டரியின் மேல் கனமான இரும்புக் கட்டி ஒன்றை விழச் செய்தார். பேட்டரி நசுங்கியது. வேறொன்றும் நடக்கவில்லை. அடுத்து, உலோக லித்தியம் வைத்துச் செய்த பேட்டரியின் மேல் அதேபோல் இரும்பு விழுந்தது. அது பயங்கரமாக வெடித்தது. லித்தியம் அயனி பேட்டரி பிறந்தது அந்தக் கணத்தில்தான் என்று யோஷினோ பின்னாளில் சொன்னார்.

இன்று கைபேசி, மடிக்கணினி, மின்ஸ்கூட்டர், சூரிய மின்சாரத்தை இரவுக்குச் சேமித்து வைக்கும் பெரிய பெட்டகங்கள் எல்லாம் அந்தப் பேட்டரியின் வழிவந்தவை. ஆனால் அந்த இரும்பு விழுவதற்கு முன்னால் பதின்மூன்று ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் ஓர் எண்ணெய் நிறுவனம் வருகிறது, ஒரு போர் வருகிறது, கணினி நினைவகம் வருகிறது. இரும்பு விழுந்த பிறகு ஒளிநாடா வருகிறது. புதிய தொழில்நுட்பங்களை எது முன்னே தள்ளுகிறது என்று கேட்டால் சிலர் தேவை என்பார்கள், சிலர் சந்தை என்பார்கள், சிலர் மேதைகள் என்பார்கள். இந்தப் பேட்டரியின் வரலாற்றைக் கூர்ந்து படித்தால் மூன்றுமே அரைப் பதில்கள் என்று தெரிகிறது. தேவை வேலையைத் தொடங்கி வைக்கிறது. ஆனால் தேவைக்கு நிலையான மனம் கிடையாது, பாதி வழியில் கைவிட்டுப் போய்விடும். அப்படி அது போன பிறகும் யாராவது வேலையைத் தொடர இடமும் பணமும் இருந்ததா என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அமெரிக்கப் பெட்ரோல் நிலையங்களில் கார்கள் மைல் கணக்கில் வரிசை கட்டின. எண்ணெய் விற்றே பெருத்த எக்ஸான் நிறுவனத்துக்கே, எண்ணெய் தீர்ந்தால் என்ன செய்வது என்ற கவலை அந்தப் போருக்கு முன்பே வந்திருந்தது. பெட்ரோலோடு தொடர்பில்லாத எரிசக்தி ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கி, நியூஜெர்சியில் தன் ஆய்வுக்கூடத்துக்கு நல்ல ஆட்களைத் திரட்டியது. அப்படி 1972இல் அங்கே சேர்ந்தவர் இங்கிலாந்தில் பிறந்த ஸ்டான்லி விட்டிங்காம்.

விட்டிங்காம் முதலில் தேடியது பேட்டரியை அல்ல, மீகடத்திகளை. டாண்டலம் டைசல்பைடு என்ற பொருளுக்குள் அயனிகளைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் எதிர்பாராத அளவுக்கு ஆற்றல் சேர்வதைக் கவனித்தார். டாண்டலம் மிகக் கனமான உலோகம். அதை எடுத்துவிட்டு, அதேபோன்ற குணமும் குறைந்த எடையும் உள்ள டைட்டானியத்தை வைத்தார். டைட்டானியம் டைசல்பைடின் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். சிறுவயதில் புத்தகத் தாள்களுக்கு நடுவே மயிலிறகைச் செருகி வைத்து, வேண்டும்போது தாள் கிழியாமல் எடுப்போமே, அப்படித்தான் அந்தத் தட்டுகளுக்கு இடையே லித்தியம் அயனிகள் நுழைந்தும் வெளியேறியும் வந்தன. அதற்கு முந்தைய பேட்டரிகளில் ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் முனைகளில் உள்ள பொருளே வேதிமாற்றம் அடையும், மெல்ல மெல்லத் தேய்ந்தும் போகும். இங்கே நேர்முனையின் கட்டமைப்பு அப்படியே இருந்தது. அயனிகள் மட்டும் வந்து தங்கிப் போயின.

எக்ஸான் தலைமையகம் நியூயார்க்கில் இருந்தது. அங்கே போய் விட்டிங்காம் தன் யோசனையை விளக்கிய கூட்டம் கால் மணி நேரம்தான் நடந்தது. இதை வணிகப் பொருளாக ஆக்கலாம் என்று நிர்வாகம் விரைவிலேயே முடிவெடுத்தது. பணமும் அவசரமும் ஒரே இடத்தில் கூடினால் எவ்வளவு வேகம் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் அந்தப் பேட்டரியின் எதிர்முனை உலோக லித்தியம். மின்னேற்றும்போது திரும்பி வரும் லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளரும். அந்த ஊசி எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். தீயணைப்புத் துறையினர் பலமுறை ஆய்வுக்கூடத்துக்கு ஓடி வந்தார்கள். லித்தியம் தீயை அணைக்கத் தனி வேதிப்பொருள்கள் வேண்டும். அவற்றுக்கான செலவை இனி நீங்கள்தான் தர வேண்டும் என்று ஒரு கட்டத்தில் எச்சரித்தார்களாம். லித்தியத்தோடு அலுமினியம் சேர்த்தும் மின்பகுளியை மாற்றியும் விட்டிங்காம் ஆபத்தைக் குறைத்தார். 1976இல் இதை வெளியுலகுக்கு அறிவித்தார். சூரிய ஒளியில் ஓடும் கடிகாரங்களுக்காக ஒரு சுவிஸ் கடிகார நிறுவனத்துக்குச் சிறு அளவில் பேட்டரிகள் தயாராயின.

எண்பதுகளின் தொடக்கத்தில் எண்ணெய் விலை சரிந்தது. எக்ஸான் செலவைக் குறைக்க நினைத்தது. பேட்டரித் திட்டத்தை நிறுத்தி, தொழில்நுட்ப உரிமத்தை வேறு மூன்று நிறுவனங்களுக்கு விற்றுவிட்டது. விட்டிங்காமின் அறிவியலில் குறை வந்துவிடவில்லை. பீப்பாயின் விலை மட்டும்தான் மாறியிருந்தது. சந்தையின் அவசரத்தை மட்டும் நம்பிய ஆராய்ச்சிக்கு இந்தக் கதி எப்போதும் காத்திருக்கிறது.

அந்த வேலை சாகாமல் போனதற்குக் காரணம், அதே சமயத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேறொருவர் அதைக் கையில் எடுத்திருந்ததுதான். ஜான் குட்எனஃப் 1922இல் ஜெர்மனியில் பிறந்த அமெரிக்கர். சிறுவயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறியவர். ஐம்பதுகளில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, கணினியின் காந்த நினைவகத்துக்கு வேண்டிய ஆக்சைடுகளை ஆராய்ந்தார். ஆக்சைடுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அவருக்குக் கைவந்த கலையானது அங்கேதான். எண்ணெய் நெருக்கடி வந்தபோது எரிசக்திப் பக்கம் திரும்ப விரும்பினார். லிங்கன் ஆய்வுக்கூடமோ அமெரிக்க விமானப்படையின் பணத்தில் நடந்தது. அங்கே விரும்பியதையெல்லாம் ஆராய முடியாது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கனிம வேதியியல் ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பைத் தர முன்வந்தது; 1976இல் அங்கே போனார்.

விட்டிங்காமின் பேட்டரி தந்தது இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். சல்பைடுக்குப் பதில் ஆக்சைடு வைத்தால் மின்னழுத்தம் கூடும் என்று குட்எனஃப் கணித்தார். எந்த ஆக்சைடு என்று தேடியதில், ஜப்பானிலிருந்து வந்திருந்த கொய்ச்சி மிசுஷிமா உள்ளிட்டோருடன் சேர்ந்து கோபால்ட் ஆக்சைடைக் கண்டடைந்தார். 1980இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை நான்கு வோல்ட்டைக் காட்டியது. இன்னொரு வசதியும் இருந்தது. லித்தியம் முதலிலேயே நேர்முனையில் ஆக்சைடுக்குள் அடங்கி இருப்பதால், எதிர்முனையில் ஆபத்தான உலோகத்தை வைக்க வேண்டிய கட்டாயமில்லை.

மேற்கில் இதற்கு யாரும் கை நீட்டவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு காப்புரிமை எடுக்க மறுத்தது. கடைசியில் பிரிட்டனின் ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையம் எடுத்தது. அதற்காகக் குட்எனஃப் தன் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார். உலகையே மாற்றிய பொருளிலிருந்து அவருக்கு ராயல்டியாக ஒரு காசும் வரவில்லை. விலை சரிந்துவிட்ட எண்ணெய்க்கு மாற்று எதற்கு என்பதே அன்றைய மேற்குலகின் மனநிலை.

ஜப்பானுக்கு வேறொரு தேவை இருந்தது. ஒளிப்பதிவுக் கருவியும் தொலைபேசியும் கையடக்கமாகச் சிறுத்துக்கொண்டிருந்தன; பேட்டரி மட்டும் சிறுக்க மறுத்தது. 1982 ஆண்டு முடிவில் ஆய்வுக்கூடத்தைப் பெருக்கித் துடைத்துவிட்டு, கிடைத்த ஓய்வில் யோஷினோ படிக்காமல் அடுக்கி வைத்திருந்த கட்டுரைகளைப் புரட்டினார். அதில் குட்எனஃபின் கட்டுரை இருந்தது. யோஷினோவிடம் எதிர்முனைக்கு ஒரு பொருள் இருந்தது, அதற்கு ஏற்ற நேர்முனைதான் கிடைக்காமல் இருந்தது. அவரிடம் இருந்த பொருள் பாலிஅசெட்டிலீன், அதாவது மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். இரண்டையும் சேர்த்தார், வேலை செய்தது. எடை மிகவும் குறைந்தது, ஆனால் இடம் அடைப்பது குறையவில்லை. பிளாஸ்டிக்கை விட்டுக் கரிமத்துக்கு மாறினார். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கோக் கரி லித்தியம் அயனிகளை நன்றாக உள்வாங்கியது. 1985இல் அந்த வடிவம் தேறியது. எண்ணெய்க்கு மாற்றாகத் தொடங்கிய பேட்டரியின் ஒரு முனைக்கு எண்ணெயின் கழிவே கை கொடுத்தது. பின்னர் கோக்கின் இடத்துக்கு வந்த கிராபைட், மொராக்கோவில் பிறந்து பிரான்ஸின் கிரனோபிளில் ஆராய்ந்த ரஷீத் யசாமியின் வேலைக்குக் கடன்பட்டது.

உலோக லித்தியத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்ன ஆனது? கனடாவின் மோலி எனர்ஜி அந்த வகைப் பேட்டரிகளை விற்பனைக்கே கொண்டுவந்தது. 1989இல் ஜப்பானில் கைபேசிகள் தீப்பிடிக்க, அனைத்தையும் திரும்பப் பெற நேர்ந்தது. நிறுவனம் நொடித்தது.

1991இல் சோனி முதல் லித்தியம் அயனி பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு பேட்டரி செய்வதும் லட்சம் பேட்டரிகளை ஒன்றுபோல் செய்வதும் வேறு வேறு வித்தைகள். நேர்முனை என்பது சுமார் 15 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தாள். மனிதத் தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான் இது. அதன் இருபுறமும் கோபால்ட் ஆக்சைடுப் பொடியைப் பிசினும் கரிப்பொடியும் சேர்த்துக் கரைத்த கறுப்புக் குழம்பைப் பூச வேண்டும். எதிர்முனைக்குத் தாமிரத் தாள், அதன் மேல் கரிமப் பூச்சு. இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் உள்ள பிளாஸ்டிக் தாள். மூன்றையும் சேர்த்து இறுகச் சுருட்டி, டப்பாவில் வைத்து, மின்பகுளி ஊற்றி மூட வேண்டும். பூச்சு ஓரிடத்தில் தடித்தாலோ ஓரிடத்தில் மெலிந்தாலோ பேட்டரி கெடும். காற்றின் ஈரப்பதம் கொஞ்சம் புகுந்தாலும் மின்பகுளியில் உள்ள உப்பு நீரோடு வினைபுரிந்து ஹைட்ரோபுளோரிக் அமிலமாகும். அதனால் அந்த அறையின் காற்று பாலைவனக் காற்றைவிட உலர்ந்திருக்க வேண்டும்.

மெல்லிய நீண்ட தாளின் மேல் குழம்பைச் சீராகப் பூசும் கலை சோனிக்கு எங்கிருந்து வந்தது? ஒலிநாடாவிலிருந்தும் ஒளிநாடாவிலிருந்தும். பிளாஸ்டிக் நாடாவில் காந்தப் பொடியைப் பூசுவதில் சோனி பல ஆண்டு ஊறியது. குறுந்தகடு வந்து நாடாவின் சந்தை சுருங்கியபோது, பூச்சு இயந்திரங்களும் அவற்றை இயக்கத் தெரிந்த கைகளும் வேலைக்குக் காத்திருந்தன. அவை பேட்டரிக்கு மாறின. ஒரு தொழிலில் தேறிய கை, அந்தத் தொழில் மங்கும்போது அடுத்த தொழிலைப் பிறப்பிக்கிறது. புதுமையின் வரலாற்றை எழுதுபவர்கள் அறிவியலாளரின் பெயரைச் சொல்கிறார்கள். பூச்சு இயந்திரத்தின் முன் நின்றவர்களின் பங்கு எங்கும் பதிவாவதில்லை. அது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முதலில் வாங்கியவர்கள் யார் என்பதும் முக்கியம். அந்தப் பேட்டரியின் விலைக்கு ஒரு காரை ஓட்டியிருக்கவே முடியாது. கையடக்க வீடியோ கேமரா வாங்குபவருக்கோ எடை குறைந்தால் போதும், பேட்டரிக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்கமாட்டார். மடிக்கணினிக்காரர்களும் கைபேசிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எண்ணெய்க்கு மாற்றுத் தேடி எக்ஸான் தொடங்கிய வேலைக்கு, குடும்ப விழாக்களைப் படம்பிடித்தவர்கள் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் தொழிற்சாலைகள் பெருத்தன.

தொழிற்சாலை பெருத்தால் விலை ஏன் குறைகிறது? தியோடர் ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் 1936இல் ஒரு கணக்கைக் காட்டினார். இதுவரை செய்த விமானங்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது. செய்யச் செய்யக் கை பழகுகிறது, வீணாவது குறைகிறது. பேட்டரிக்கும் இது பொருந்துகிறது. 1991க்குப் பின் மூன்று பத்தாண்டுகளுக்குள் லித்தியம் அயனி செல்லின் விலை சுமார் 97 விழுக்காடு குறைந்ததாக எம்ஐடி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பு 2010இல் ஒரு கிலோவாட்-மணிக்கு ஆயிரம் டாலருக்கு மேல். 2024இல் உலகச் சராசரி 115 டாலர்.

இதைப் பார்த்துவிட்டு, நிறையச் செய்தால் போதும், ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். அதே எம்ஐடி குழு விலைச் சரிவின் காரணங்களைப் பிரித்துப் பார்த்தது. பாதிக்கு மேல் ஆராய்ச்சியால் வந்தது. அதிலும் பெரும்பங்கு வேதியியலும் பொருளறிவியலும் தந்தது. உற்பத்தி பெருகியதால் வந்த ஆதாயம் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது.

அந்த வேதியியலில் ஒரு தமிழரின் பெயர் உண்டு. தமிழ்நாட்டின் தென்கோடிக் கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், எண்பதுகளின் நடுவில் ஆக்ஸ்ஃபோர்டில் குட்எனஃபிடம் சேர்ந்தார். பிறகு அவரோடு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆஸ்டின் நகருக்குப் போனார். கோபால்ட் விலை மிகுந்தது, அதிகம் கிடைப்பது காங்கோ என்ற ஒரே நாட்டில்தான். இரும்பு மலிவு, ஆனால் இரும்பு ஆக்சைடு தரும் மின்னழுத்தம் குறைவு. சல்பேட் போன்ற கூட்டயனிகளோடு இரும்பைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயர்கிறது என்று மந்திரமும் குட்எனஃபும் எண்பதுகளின் இறுதியில் காட்டினார்கள். அந்தப் பாதையில் குட்எனஃபின் ஆய்வுக்கூடத்தில் தொண்ணூறுகளின் நடுவில் வந்ததுதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 2019இல் குட்எனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குட்எனஃபுக்கு வயது 97. அவருடைய நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நிகழ்த்தியவர் மந்திரம்.

இரும்பு பாஸ்பேட் எளிதில் தீப்பிடிக்காது, நீண்ட நாள் உழைக்கும். அமெரிக்காவில் ஏ123 என்ற நிறுவனம் அதை நம்பித் தொடங்கியது. மின்கார் சந்தை எதிர்பார்த்தபடி வராததால் 2012இல் திவாலானது; சீனாவின் வான்சியாங் குழுமம் அதை வாங்கியது. சீன அரசு 2009 முதலே மின்பேருந்துக்கும் மின்காருக்கும் மானியம் கொடுத்துச் சந்தையையே உருவாக்கிக்கொண்டிருந்தது. கைபேசி பேட்டரி செய்து வளர்ந்த பிஒய்டியும், 2011இல் தொடங்கிய சிஏடிஎல்லும் என இரு சீன நிறுவனங்கள் அந்தச் சந்தையில் கை பழகின. 2024இல் உலகின் மின்வாகனப் பேட்டரிகளில் ஏறக்குறைய பாதி இரும்பு பாஸ்பேட் வகை. அவற்றில் மிகப் பெரும்பகுதி சீனாவில் செய்யப்படுகிறது. அறிவியல் டெக்சாஸில் பிறந்தது, தொழில் சீனாவில் வேர்விட்டது. விடாமல் நீர் ஊற்றியவர்களுக்கே பலன் போனது.

அடுத்து வருவது சோடியம். லித்தியத்தின் விலை ஏறும்போதெல்லாம் சோடியம் ஆராய்ச்சிக்குப் பணம் வருகிறது, இறங்கும்போது வற்றுகிறது. 1973இன் கதைதான் மறுபடி நடக்கிறது. கடல் நீரிலேயே கிடைக்கும் பொருள் சோடியம். லித்தியம் அலுமினியத்தோடு கலந்து உலோகக் கலவையாகிவிடும். அதனால்தான் எதிர்முனையில் விலையுயர்ந்த தாமிரத் தாள். சோடியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, இரு முனைக்கும் அலுமினியமே போதும். ஆற்றல் கொள்ளளவு குறைவு. ஆனால் ஓரிடத்தில் அசையாமல் இருந்து சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பெட்டகத்துக்கு எடை ஒரு பொருட்டல்ல. வெயில் மிகுந்த, லித்தியத்தை இறக்குமதி செய்யும் நம்மைப் போன்ற நாட்டுக்கு இது ஏற்ற பொருள் என்பது என் உறுதியான எண்ணம்.

நமக்கு இந்தத் துறை புதிதும் அல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. எக்ஸான் பேட்டரியைப் பற்றி யோசிப்பதற்கு இருபது ஆண்டு முன்பே நம்மிடம் மின்வேதியியலுக்கென ஓர் ஆய்வகம் இருந்தது. இன்று ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்ஸ்கூட்டர் ஆலைகள் ஓடுகின்றன; இந்திய மின்வாகனங்களுக்குள் இருக்கும் செல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வருகின்றன. ஆட்களின் திறமையில் குறை சொல்ல முடியாது, மந்திரத்தின் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. பணம் கொடுத்த அளவிலும், கொடுத்ததைத் தொடர்ந்த காலத்திலும்தான் குறை.

2020-21இல் இந்தியா தன் உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 0.64 விழுக்காடு. சீனா 2.5 விழுக்காட்டுக்கு மேல் செலவிடுகிறது, தென்கொரியா ஏறத்தாழ 5. நம் செலவிலும் பெரும்பகுதி அரசினுடையது. தனியார் நிறுவனங்கள் ஒதுங்கியே நிற்கின்றன. அடுத்த நிதிநிலை அறிக்கை வரும்போது வருமான வரி வரம்பைப் பார்த்த கையோடு ஆராய்ச்சிக்கான ஒதுக்கீட்டையும் தேடிப் படியுங்கள். காரைக்குடி போன்ற ஆய்வகங்களுக்கு, எண்ணெய் விலை ஏறினாலும் இறங்கினாலும் மாறாத நீண்டகாலப் பணத்தை உறுதி செய்யும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.